டோர்ட்முண்டில் மேட்ச், பக்கத்து ஊர்களுக்கு ரயில்: அப்பாவோடு ஒரு வார இறுதி, யோசனை சொல்லுங்கள்

தூத்தூர்க்காரன்

வணக்கம். பெர்லினில் வேலை பார்க்கிறேன். அப்பா ஊரிலிருந்து வந்திருக்கிறார். எங்கள் தூத்தூர்க் கரையைத் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டாம்: கடலுக்குப் போகாத நேரமெல்லாம் பந்துதான், தமிழ்நாட்டு அணிக்கு சந்தோஷ் டிராபி ஆட ஆள் அனுப்பிய ஊர். அப்பாவும் அந்தக் காலத்தில் ஸ்டாப்பர் பேக். ஜெர்மனியில் என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டால் "அந்த மஞ்சள் கேலரி" என்கிறார்.

டோர்ட்முண்ட் ஹோம் மேட்சுக்கு, சனிக்கிழமை, கிழக்கு ஸ்டாண்டில் இரண்டு சீட் கிளப்பின் மறுவிற்பனைப் பக்கத்திலேயே கிடைத்துவிட்டது. கார் கிடையாது, ரயில்தான். வெள்ளி மாலை கிளம்பி ஞாயிறு இரவு பெர்லின் திரும்ப வேண்டும்.

கேட்க வேண்டியவை: மேட்ச் நாளில் டோர்ட்முண்ட் ஹோட்டல் விலை கண்ணைக் கட்டுகிறது, வெளியே தங்கினால் இரவில் திரும்ப ரயில் இருக்குமா? பக்கத்தில் என்ன ஊர் பார்க்கலாம்? அப்பாவுக்கு மூட்டு வலி உண்டு, மியூசியத்தில் பொறுமை இருக்காது. பழைய தேவாலயம் என்றால் எவ்வளவு நேரமும் நிற்பார்.

தண்டவாளம்

முதலில் ஒன்று சொல்லுங்கள். சனிக்கிழமை என்பது உறுதியாகிவிட்டதா, அல்லது அட்டவணையில் இருக்கும் வார இறுதியை வைத்துச் சொல்கிறீர்களா? சீசன் அட்டவணை வரும்போது வாரம் மட்டும்தான் தெரியும். வெள்ளி 8.30 மணியா, சனி 3.30 மணியா, சனி 6.30 மணியா, ஞாயிறா என்பதை லீக் நிர்வாகம் சில வாரங்களுக்கு முன்புதான் பிரித்துச் சொல்லும். கடைசி ஆட்ட நாளில் மட்டும் ஒன்பது மேட்சும் ஒரே நேரத்தில் நடக்கும், அதில் குழப்பம் இல்லை. மற்றபடி நேரம் வரும் முன் மலிவு டிக்கெட்டில் கை வைக்காதீர்கள். அது குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும் செல்லும். மேட்ச் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போனால் பணம் போனதுதான்.

ஒரு சலுகை உண்டு. போய்ச் சேரும் ஊருக்கு 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதம் ஆகும் என்று தெரிந்தால் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும், வேறு ரயிலில் ஏறலாம். ஒரு மணி நேரம் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதம், இரண்டு மணி நேரமானால் 50 சதவீதம் திரும்பக் கேட்கலாம். கேட்டால்தான் கிடைக்கும்.

அப்புறம் பெர்லினிலிருந்து வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி. கொலோன் பக்கம் போகும் ஐசிஇ என்ற அதிவேக ரயில் பெரும்பாலும் இரண்டு ரயில்கள் கோத்த வண்டி. ஹம் ஸ்டேஷனில் அதைக் கழற்றுவார்கள். ஒரு பாதி டோர்ட்முண்ட், எசன், டியூசல்டோர்ஃப் வழியாகப் போகும். மறுபாதி ஹாகன், வுப்பர்டால் வழியாகப் போகும், டோர்ட்முண்டைத் தொடவே தொடாது. பெட்டி எண்ணைப் பார்த்து ஏறுங்கள். சாப்பாட்டுப் பெட்டி தேடி நடுவில் அடுத்த பாதிக்குப் போகவும் முடியாது, இரண்டுக்கும் இடையில் வழி கிடையாது.

வடமராட்சி

தம்பி, நான் டோட்முண்டில்தான் இருக்கிறன். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வருகிறது நல்ல விசயம்.

மைதானத்துக்குப் போக இரண்டு வழி. பிரதான ஸ்டேஷனுக்குக் கீழே யூ 45 சுரங்க ரயில், மேட்ச் நாளில் மைதான வாசல் வரைக்கும் போகும். மற்றது, மைதானத்துக்குப் பக்கத்திலேயே சின்னதாய் ஒரு ரயில் தரிப்பிடம். ஆர்பி 52, 53, 59 என்ற வட்டார வண்டிகள் மூன்றும் அதில் நிற்கும். இறங்கினால் மஞ்சள் தூண்கள் முன்னுக்குத் தெரியும், தேடவே தேவையில்லை.

பெரிய பை கொண்டுபோக வேண்டாம். ஏ4 தாள் அளவுக்கு மேல் இருந்தால் உள்ளே விடமாட்டினம். அப்பாவுக்கு நீல நிறச் சட்டை போட்டுவிட வேண்டாம். ஒருவரும் அடிக்க வரமாட்டினம், ஆனால் நீலம் ஷால்க கிளப்பின் நிறம். பக்கத்து வீட்டுப் பகை அது, அவையின்ர ஊர் கெல்சன்கிர்ஷன் இங்கே இருந்து ரயிலில் எட்டிப்போகிற தூரம். ஷால்க ஆட்கள் டோட்முண்ட் என்ற பெயரை வாயால் சொல்லமாட்டினம், "லூடன்ஷைட் வடக்கு" என்று ஏதோ குக்கிராமத்தைச் சொல்கிறமாதிரிச் சொல்லுவினம். பகிடி என்னவென்றால் மைதானத்துத் தரிப்பிடத்தில் நிற்கிற ஆர்பி 52 உண்மையாகவே லூடன்ஷைட்டுக்குத்தான் போகிறது.

கிழக்கு ஸ்டாண்ட் அப்பாவுக்கு நல்ல இடம். அவர் கேட்ட மஞ்சள் கேலரிதான் தெற்கு மேடை, அதில் 24,454 பேர் நிற்கிறது முழுவதும் பக்கவாட்டில் தெரியும். அதற்குள்ளே நின்றால் ஆட்டம் முடியும்வரைக்கும் நிற்க வேண்டும், மூட்டு தாங்காது.

காப்பிக்கடை

தேவாலயம் பிடிக்கும் என்றால் கேள்வியே இல்லை, கொலோன் போங்கள். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் கதீட்ரல் நெற்றிக்கு நேரே. நடக்கவே வேண்டாம். டோர்ட்முண்டிலிருந்து ஆர்இ 1 என்ற வட்டார ரயில் நேராகப் போகும். அப்பா ஊருக்குத் திரும்பியதும் "கொலோன் பார்த்தேன்" என்று சொல்ல வேண்டாமா? சின்னச் சின்ன ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடை கூடத் திறந்திருக்காது. வெளியூரில் தங்குவதும் வேண்டாத வேலை. மேட்ச் முடிந்த ராத்திரியில் ஊர் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதும் மேட்சில் ஒரு பாதிதான்.

தண்டவாளம்

கொலோன் கதீட்ரலைக் குறை சொல்ல நான் யார். ஆனால் அது மேற்கே இருக்கிறது, இவர் திரும்ப வேண்டியது கிழக்கே. ஞாயிறன்று கொலோன் போய்விட்டு அதே பாதையில் டோர்ட்முண்டைத் தாண்டி பெர்லின் வர வேண்டும். கூட்டமான ஆர்இ 1-ல் மூட்டு வலிக்காரரை நிற்க வைத்துக் கூட்டிப்போக வேண்டுமா? அப்பாவுக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றால் கொலோனை வேறொரு வாரத்துக்குத் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

என் யோசனை வேறு. வடமராட்சி அண்ணன் சொன்ன மூன்று வண்டிகளில் ஆர்பி 59-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். டோர்ட்முண்டில் கிளம்பி மைதானம், ஹோர்டே, ஹோல்ட்ஸ்விக்கடே, ஊனா, வெர்ல் வழியாக சோஸ்ட் வரை போகிற சின்ன வண்டி. மேட்ச் பார்க்க வருகிறவர்கள் அதை மைதானத்துக்கு ஒரு ஸ்டேஷன் போகிற வண்டியாக மட்டும்தான் பார்க்கிறார்கள். மறுமுனை வரை போனால் தெரியும்.

சோஸ்ட், ஹன்சா என்ற பழைய வணிகக் கூட்டணியைச் சேர்ந்த நகரம். உள்ளூரில் வெட்டிய பச்சை மணற்கல்லில் கட்டிய ஊர்: தேவாலயம் பச்சை, மதில் பச்சை, மழை பெய்தால் இன்னும் பச்சை. ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே வீசன்கிர்ஷ என்ற தேவாலயம். அதன் வடக்கு வாசலுக்கு மேலே 1500-ஐ ஒட்டிய காலத்துக் கண்ணாடி ஓவியம், இயேசுவின் கடைசி இரவு உணவு. மேசையில் அப்பமும் திராட்சை ரசமும் இருக்க வேண்டிய இடத்தில் பன்றித் தலை, உப்பிட்ட பன்றித் தொடை, பீர், ரை என்ற தானியத்து ரொட்டி. வரைந்தவன் இந்த வெஸ்ட்பாலியா வட்டாரத்துக்காரன், தன் ஊர் விருந்தை வைத்துவிட்டான். உங்கள் அப்பா இதைப் பார்த்து என்ன சொல்வார் என்று எனக்கே ஆவலாக இருக்கிறது.

சோஸ்டுக்கு முந்தைய பெரிய ஸ்டேஷன் வெர்ல். அங்கே மாதா பசிலிக்கா. அதில் இருக்கும் மாதா சுரூபம் முதலில் சோஸ்டின் இதே வீசன்கிர்ஷயில்தான் இருந்தது. சோஸ்ட் புராட்டஸ்டன்ட் ஊராக மாறிய பிறகு சுரூபத்துக்கு அங்கே மரியாதை இல்லாமல் போனது. 1661-ல் வெர்லுக்கு வந்தது, அன்றிலிருந்து அது திருயாத்திரைத் தலம். ஒரே தண்டவாளத்தில் அடுத்தடுத்து இரண்டு ஊர், ஒன்றில் காலியான இடம், இன்னொன்றில் போய்ச் சேர்ந்த மாதா. மியூசியம் பிடிக்காதவருக்கு இதைவிட என்ன வேண்டும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். சோஸ்டிலிருந்து ஹம்முக்கு நேர் ரயில் உண்டு, இருபது நிமிடப் பயணம். ஹம்மில் பெர்லின் ஐசிஇ நிற்கும். வெள்ளி இரவு ஹம்மில் இறங்கி சோஸ்ட் போய்ப் படுங்கள். சனி மதியம் பையில்லாமல் ஆர்பி 59 ஏறி மைதான வாசலில் இறங்குங்கள், இரவு அதே வண்டியில் திரும்புங்கள். ஞாயிறு காலை வெர்ல், பிறகு சோஸ்ட், ஹம், பெர்லின். டோர்ட்முண்ட் பிரதான ஸ்டேஷனுக்குள் நீங்கள் கால் வைக்கவே வேண்டியதில்லை.

காப்பிக்கடை

டோர்ட்முண்டுக்குப் போய் டோர்ட்முண்டைப் பார்க்காமல் வரச் சொல்கிறீர்கள். நல்ல யோசனை!

மழைக்காகிதம்

நடுவில் நுழைகிறேன். டோர்ட்முண்டில் படித்தவள். காப்பிக்கடை சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது, ஊரையும் கொஞ்சம் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கும் ஆர்பி 59 போதும்.

மைதானத்துக்கு அடுத்த நிறுத்தம் ஹோர்டே. இறங்கி நடந்தால் பீனிக்ஸ் ஏரி. ஏரி என்றால் இயற்கையானது இல்லை. அந்த இடத்தில் பெரிய உருக்காலை இருந்தது. மூடிய பிறகு சீன நிறுவனம் ஒன்று வாங்கி, ஆலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கப்பலேற்றிக் கொண்டுபோனது. மிச்சமான பள்ளத்தில் 2010 அக்டோபரில் தண்ணீர் விடத் தொடங்கினார்கள். இப்போது சுற்றிலும் விலை உயர்ந்த வீடுகள், பாய்மரப் படகுகள். கரையோரம் சமதளம், பெஞ்சுகள் நிறைய, அப்பா உட்கார்ந்து உட்கார்ந்து நடக்கலாம். சோஸ்டிலிருந்து வரும்போது மேட்சுக்கு முன்பு அங்கே இறங்கி ஏதாவது சாப்பிட்டுவிட்டு ஒரே ஒரு நிறுத்தம் போனால் போதும்.

அப்பா பழைய ஆட்டக்காரர் என்பதால் இன்னொன்று. பெரிய மைதானத்தின் தோளில் ஒட்டிக்கொண்டு சின்ன மைதானம் ஒன்று இருக்கும், ரோட்டே எர்டே. 1926-ல் கட்டியது. 1974 உலகக் கோப்பைக்காக இப்போதைய மைதானம் எழும்பும்வரை டோர்ட்முண்ட் ஆடியது அங்கேதான். இப்போது இரண்டாம் அணி ஆடுகிறது. அந்தப் பழைய கேலரியையும் அதற்குப் பின்னால் வானத்தை மறைத்து நிற்கும் புதுக் கேலரியையும் ஒரே பார்வையில் பார்க்கலாம்.

மியூசியம் வேண்டாம் என்றீர்கள், அதனால் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் ஜெர்மன் கால்பந்து அருங்காட்சியகத்தை வற்புறுத்தவில்லை. மழை பெய்தால் மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பெய்யும்.

தூத்தூர்க்காரன்

எல்லாருக்கும் நன்றி. நேரம் வந்துவிட்டது, சனி மாலை 3.30. சோஸ்டில் அறை போட்டாயிற்று, டோர்ட்முண்டில் கேட்டதில் பாதிக்கும் கீழே.

வெர்ல் கதையை அப்பாவிடம் சொன்னேன், "சுரூபத்த வெளிய விட்டவனுக்க ஊர்ல போயா தங்கணும்?" என்று கேட்டார்.

இரண்டு சந்தேகம். மேட்ச் முடிந்ததும் அந்தச் சின்ன பிளாட்பாரத்தில் கூட்டம் தாங்குமா? பயண டிக்கெட்டுக்கு என்ன செய்வது? எனக்கு டாய்ச்லாண்ட் டிக்கெட் இருக்கிறது, அப்பாவுக்கு இல்லை.

வடமராட்சி

81,000 சனம் ஒரே நேரத்தில் வெளியில் வரும் தம்பி. அந்தத் தரிப்பிடம் தாங்காது. ஆட்டம் முடிந்த கையோடு ஓடவேண்டாம். கிழக்குப் பக்கம் கதிரையிலேயே கொஞ்சநேரம் இருங்கோ. ஆட்டக்காரர் தெற்கு மேடைக்கு முன்னாலே போய்க் கும்பிடுகிறமாதிரி நிற்பினம், அதைப் பார்க்காமல் போகக்கூடாது. பிறகு மெல்ல வெளிக்கிட்டு, முதல் வண்டியை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறுங்கோ. சோஸ்ட் பக்கம் போகிற சனம் குறைவு, முக்கால்வாசிப் பேர் நகரத்துப் பக்கம்தான் போவினம். 3.30 மேட்ச் என்றபடியால் இரவு வண்டிக்குப் பயமில்லை. வெள்ளி 8.30 மேட்சாக இருந்தால் சோஸ்டில் தங்கச் சொல்லியிருக்க மாட்டன்.

வண்டிக்குள்ளே பீர்ப் போத்தலும் பாட்டும் இருக்கும். வயதான ஆட்களைக் கண்டால் இடம் விடுவினம்.

ஹம் வழியாகத்தானே திரும்புகிறீர்கள். அங்கே காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது தெரியும்தானே? ஊரின் கிழக்கே ஊன்ட்ரோப்பில், தொழிற்பேட்டைக்குள்ளே, 17 மீட்டர் கோபுரம். 2002-ல் கும்பாபிஷேகம். வரைபடம் ஜேர்மன் கட்டடக் கலைஞர் போட்டது, சிற்பம் இந்தியாவிலிருந்து வந்த ஆட்கள் செய்தது. தேருக்கு ஐரோப்பா முழுக்க இருந்து ஆட்கள் வருவினம், தீர்த்தம் ஆடுகிறது பக்கத்துக் கால்வாயில். நாங்கள் அகதியாய் வந்து இறங்கின காலத்தில் இப்பிடி ஒன்று வரும் என்று ஒருவரும் நினைக்கவில்லை. அப்பா வேதக்காரர் என்றாலும் பார்க்கலாம், எங்கட ஆட்களும் ஆவணியில் கேவலார் என்ற யாத்திரைத் தலத்து மாதாவிடம் போகிறவைதான், அதில் சைவக்காரரே எத்தனையோ பேர்.

ஆனால் ஸ்டேஷனில் இருந்து பஸ் எடுக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவு. நடை திறக்கிற நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கோ. நேரம் இறுக்கமாக இருந்தால் விட்டுவிடுங்கோ, அம்பாள் கோவிக்கமாட்டா.

காப்பிக்கடை

டிக்கெட் விஷயம் நான் சொல்கிறேன், சும்மா எதிர்த்துப் பேசுகிறவன் என்று நினைக்க வேண்டாம்.

டாய்ச்லாண்ட் டிக்கெட் மாதச் சந்தா. 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது, 2025-ல் 58 ஆனது, 2026 ஜனவரியிலிருந்து 63. உள்ளூர், வட்டார வண்டிகள் எல்லாவற்றிலும் செல்லும், ஐசிஇ-யில் செல்லாது. அப்பா ஒரு மாதம் இருக்கிறார், பெர்லினிலும் சுற்றுவார் என்றால் வாங்கிவிடுங்கள், லாபம்தான். ஆனால் அந்த மாதம் 10-ம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதத்துக்கும் பணம் எடுத்துவிடுவார்கள். அவர் ஊருக்குப் போன பிறகும் அவர் பெயரில் நீங்கள் கட்டிக்கொண்டிருப்பீர்கள். அந்த ஒரு வார இறுதிக்கு மட்டும் என்றால் நார்த் ரைன் வெஸ்ட்பாலியா மாநில ஒரு நாள் டிக்கெட் பாருங்கள், சனி ஞாயிறு நாள் முழுக்கச் செல்லும்.

மேட்ச் டிக்கெட்டிலேயே உள்ளூர்ப் பயணம் சேர்ந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் பல கிளப்புகளில் அந்த வழக்கம் உண்டு. ஆனால் எந்த எல்லை வரை என்று டிக்கெட்டிலேயே படியுங்கள், சோஸ்ட் டோர்ட்முண்டின் கட்டண வட்டாரத்துக்கு வெளியே இருக்கிறது.

கொலோனை இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.

மழைக்காகிதம்

இதே கேள்வியோடு வேறு யாராவது வந்தால் அவர்களுக்காக: அப்பா அம்மா இல்லாமல், நடக்கத் தெம்போடு போகிறவர்கள் வுப்பர்டாலைப் பாருங்கள். ஆர்இ 4 நேராகப் போகும். 1901-லிருந்து ஆற்றுக்கு மேலே தலைகீழாகத் தொங்கிக்கொண்டு ஓடும் ரயில், 13 கிலோமீட்டர். 1950-ல் சர்க்கஸ் விளம்பரத்துக்காகக் குட்டி யானை ஒன்றை அதில் ஏற்றினார்கள். அது மிரண்டு பெட்டியை உடைத்துக்கொண்டு ஆற்றில் குதித்தது, பிழைத்தும் கொண்டது. வேறு பக்கம் என்றால், ஆர்இ 1-ல் போய் எசனில் இறங்கினால் டிராம் 107 பிடித்து சோல்ஃபரைன் சுரங்கம் போகலாம். 2001-லிருந்து உலகப் பாரம்பரியச் சின்னம். இந்தப் பகுதிக் கால்பந்து எங்கிருந்து வந்தது என்பது அந்தச் சுரங்கத்துக் கோபுரத்தடியில் நின்றால் புரியும்.

பாதைப் பராமரிப்புக்காக இந்த வட்டாரத்தில் அடிக்கடி தடத்தையே மூடி பஸ் விடுகிறார்கள். கிளம்பும் நாள் காலையில் செயலியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

தூத்தூர்க்காரன்

போய்விட்டு வந்தோம். சுருக்கமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

ஹம்மில் இறங்கும்போது ரயிலைக் கழற்றுவதைப் பார்க்க அப்பா பிளாட்பாரத்திலேயே நின்றுவிட்டார், சோஸ்ட் வண்டி போய்விடுமோ என்று எனக்குப் பதைப்பு. சனிக்கிழமை ஹோர்டேயில் இறங்கி ஏரிக்கரையில் கொஞ்சம் நடந்தோம். உருக்காலை இருந்த இடம் என்றதும் "இவ்வளவு இரும்பையும் கடல்வழியா கொண்டுபோனானா" என்று கப்பல் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்.

மைதானத்தில் அவர் ஆட்டத்தைப் பார்த்த நேரத்தைவிடத் தெற்கு மேடையைப் பார்த்த நேரம் அதிகம். கார்னர் கிடைக்கும்போதெல்லாம் அந்த மேடை முழுவதும் முன்னால் சாய்கிறது, எதிரணிக் கோலி அதற்குக் கீழே நிற்க வேண்டும். இரண்டாம் பாதியில் டோர்ட்முண்டின் ஸ்டாப்பர் ஒருவர் பந்தைத் தலையால் முட்டாமல் மார்பில் வாங்கி வைத்தபோது மட்டும் எழுந்து நின்று கை தட்டினார். சுற்றி இருந்தவர்கள் யாரும் தட்டவில்லை, பக்கத்து சீட் பெரியவர் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். மொழி இல்லாமலே பிற்பாடு இரண்டு பேரும் லைன்ஸ்மேனைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

வடமராட்சி அண்ணன் சொன்னபடியே முதல் வண்டியை விட்டுவிட்டோம். அடுத்த வண்டியில் ஊனா வரை நெரிசல், அதற்கப்புறம் பாதிப் பெட்டி காலி.

ஞாயிறு காலை வெர்லில் பூசை கண்டோம். பிறகு சோஸ்டில் அந்தக் கண்ணாடி. அப்பா நெடுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "மீன் எங்கே?" என்று கேட்டார். எங்கள் ஊரில் வரைந்திருந்தால் நெய்மீன்தான் இருந்திருக்கும் என்பது அவர் கட்சி.

ஹம் கோயிலுக்கு நேரம் கிடைக்கவில்லை, பஸ் ஒத்துவரவில்லை.

வடமராட்சி

அது பரவாயில்லை தம்பி. அப்பா தேர் நேரம் வரைக்கும் நிற்கிறாரோ? மே கடைசி, ஜூன் பக்கம் வரும். அப்பிடியென்றால் சொல்லுங்கோ, ஸ்டேஷனுக்கு நான் காரோடு வருகிறன்.

தூத்தூர்க்காரன்

ஜூன் நடுவில்தான் டிக்கெட் போட்டிருக்கிறது அண்ணா. தேர் தேதி தெரிந்ததும் சொல்லுங்கள், இந்தத் தடவை நேராக ஹம்முக்கே எடுக்கிறேன்.

காப்பிக்கடை

ஹம்மிலிருந்து கொலோனுக்கும் ஆர்இ 1 இருக்கிறது. சொல்லிவைத்தேன்.